நெல்லையிலிருந்து ஒரு செமஸ்டர் ஜெர்மனிக்கு: கிளம்பும் முன்பும் போய்ச் சேர்ந்த பின்பும்

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறேன் என்று வருகிற ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, அங்க குளிர் தாங்க முடியுமா?" என்றுதான். குளிர் பெரிய விஷயமில்லை. கடையில் கோட்டு கிடைக்கிறது, வாங்கிப் போட்டுக்கொண்டால் முடிந்தது. முதலில் பார்க்க வேண்டியது இரண்டு காலண்டர்களை: உங்கள் கல்லூரியுடையது ஒன்று, போகிற பல்கலைக்கழகத்துடையது ஒன்று.

எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தேன். ஏழாவது செமஸ்டரை ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரத்தில் படித்தேன். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் ஜெர்மனிக் கணக்கு. வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு விசாவும் பணமும் மாறும். கல்லூரி ஆபீஸ் வேலை மாறாது.

காலண்டரும் கையெழுத்தும்

நம் கல்லூரிகளில் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூன், ஜூலையில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் பரீட்சையோடு முடியும். ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டர் பொதுவாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்பு அக்டோபர் நடுவில் ஆரம்பித்து பிப்ரவரி வரை நடக்கும், பரீட்சை அதற்குப் பிறகுதான். ஆக, இங்கே ஏழாவது செமஸ்டர் பாதியில் இருக்கும்போது கிளம்புவீர்கள், எட்டாவது செமஸ்டர் பாதி ஓடியபின் திரும்புவீர்கள். இடையில் 75 சதவீத வருகைப் பதிவு என்ன ஆகும்? லேப் பரீட்சையை யார் எழுதுவார்? கேம்பஸ் இன்டர்வியூ? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் அடுத்த வேலையில் இறங்காதீர்கள்.

கோடைகால செமஸ்டர் ஏப்ரலில் தொடங்குகிறது. அது இதைவிடச் சிக்கல். இறுதியாண்டில் போனால் டிகிரி தள்ளிப்போகும், மூன்றாம் ஆண்டில் போனால் ஆறாவது செமஸ்டர் பரீட்சையும் ஏழாவதன் தொடக்கமும் சேர்ந்து அடிபடும். என்னைக் கேட்டால் ஏழாவது செமஸ்டர்தான் வசதி. எட்டாவதில் பெரும்பாலும் புராஜெக்ட்தான் இருக்கும், திரும்பி வந்து பிடித்துக்கொள்ளலாம்.

இதில் உங்களைக் காப்பாற்றுகிற காகிதம் ஒன்றே ஒன்று: லேர்னிங் அக்ரிமென்ட். அங்கே என்ன பாடம் எடுக்கிறீர்கள், அதற்கு எத்தனை கிரெடிட், அது இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று வரிக்கு வரி எழுதி மாணவர், இரண்டு கல்லூரிகள் என்று மூன்று தரப்பும் கையெழுத்துப் போடுவது. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் (அங்குள்ள கிரெடிட் அளவு) என்பது முழுச்சுமை. ஒரு ஈசிடிஎஸ் என்றால் வகுப்பு, வீட்டில் படிப்பது, பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம்முடைய கிரெடிட்டோ வகுப்பு நேரத்தை வைத்துக் கணக்கிடுவது. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துப் போட்டால் கணக்கு உதைக்கும்.

மார்க்கும் அப்படித்தான். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நம்மூர் மார்க்கை அவர்கள் அளவுக்கு மாற்ற 'மாற்றியமைத்த பவேரிய சூத்திரம்' என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் மார்க்கை நம் கிரேடாக மாற்றுவது உங்கள் கல்லூரியின் முடிவு. 2.3 வாங்கி வந்தால் எந்த கிரேடு போடுவீர்கள் என்று போவதற்கு முன்பே கேட்டு, அட்டவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். துறைத்தலைவர் நல்லவராகவே இருப்பார், "அதெல்லாம் வந்து பார்த்துக்கலாம்மா" என்பார். நீங்கள் வரும்போது அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருக்கலாம். எனவே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்தும் அதில் வேண்டும். லெட்டர்ஹெட், ரெஃபரன்ஸ் எண், தேதி, சீல். நான் ஜூன் மாதம் முழுக்க அந்த ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், ஒரு நாளும் வீணில்லை.

அரியர் இருக்கக்கூடாது என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனிஷியல் என்னும் வில்லன்

நமக்கெல்லாம் முன்னால் ஒரு இனிஷியல், பின்னால் பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு இருக்கும், ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியிருக்கும். சில பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்ற இடம் காலியாகவே கிடக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் பக்கம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. அதனால் பாஸ்போர்ட்டை முதலில் சரி செய்யுங்கள். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது, மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருவது. போலீஸ் விசாரணை உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு வரும்.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் மார்க் ஷீட்டில் உள்ள பெயரும் ஒரே ஆள்தான் என்று கல்லூரியிலிருந்து போனஃபைட் சான்றிதழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்மிஷன், இன்ஷூரன்ஸ், விமான டிக்கெட், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்து பிசகாமல் போடுங்கள். ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: அங்கே எல்லோரும் உங்களை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என்னை ஆபீஸில் ஒருவர் "திருமதி" சேர்த்து என் அப்பா பெயரால் அழைத்ததை வீட்டில் சொன்னேன். ஆச்சிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

பணம், விசா, டிக்கெட்

விசாவுக்குச் செலவுப்பணம் காட்ட வேண்டும். வழக்கமான வழி 'பிளாக்ட் அக்கவுன்ட்'. மாதத்துக்கு 992 யூரோ வீதம் தங்கும் மாதங்களுக்குப் போட்டு வைக்க வேண்டும். ஆறு மாதம் என்றால் 5,952 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று தோராயமாக வைத்தால் ஆறு லட்சத்தைத் தொடும். அங்கே போனபின் அது மாதாமாதம் 992 ஆக உங்கள் கைக்கே திரும்பி வரும், எங்கும் போய்விடாது. இதை வீட்டில் முதல் நாளே விளக்கிவிடுங்கள். அம்மாவின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்து எடுக்கிற பணம் என்றால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும், கணக்குத் தெரிந்தால்தான் வீட்டில் தூக்கம் வரும்.

அதுபோக, போன முதல் மாதமே வாடகை, அறைக்கான டெபாசிட், செமஸ்டர் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒன்றாக நிற்கும். பிளாக்ட் பணம் வருவதற்கு அங்கே வங்கிக் கணக்கு திறந்திருக்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். ஃபாரெக்ஸ் கார்டில் ஓர் ஆயிரம் யூரோவாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கல்லூரிகளின் ஒப்பந்தத்தில் போகிற பரிமாற்ற மாணவர்களுக்கு டியூஷன் கட்டணம் இருக்காது. செமஸ்டர் கட்டணம் 300 யூரோவைச் சுற்றி வரும், அதில் ரயில் பாஸும் அடக்கம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப பான் கார்டு, அட்மிஷன் கடிதம், வங்கியின் ஏ2 படிவம் வேண்டும். சின்ன ஊர்க் கிளைகளில் இந்தப் படிவத்தைப் பார்த்தால் முழிப்பார்கள். திருநெல்வேலியில் உள்ள பெரிய கிளைக்கே நேராகப் போய்விடுங்கள். ஏப்ரல் 2025 முதல் ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் வரை அனுப்பினால் டிசிஎஸ் எனும் வரிப் பிடித்தம் இல்லை, அதனால் இந்தத் தொகைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

விசாவுக்குச் சென்னை போக வேண்டும். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். வேலையை முடித்து அன்று ராத்திரியே திரும்பிவிடலாம். கட்டணம் 75 யூரோ, ரூபாயில் வாங்குவார்கள். மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். எல்லாக் காகிதத்திலும் இரண்டு செட் ஜெராக்ஸை ஊரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது எல்லோரும் சென்னையையே பார்ப்பார்கள். அம்பை, தென்காசி, நாங்குநேரிப் பக்கத்துக்காரர்கள் திருவனந்தபுரத்தையும் ஒருமுறை பாருங்கள். துபாய், அபுதாபி வழியாக டுசல்டோர்ஃப் போகலாம், அங்கிருந்து டோர்ட்முண்டுக்கு ரயில். காரில் போனால் அரை நாள் பாடு. வழியனுப்ப வருகிற கூட்டத்துக்கு வேனைப் பேசுவதும் மலிவு.

பெட்டியில் எது போகலாம், எது கூடாது

இதில் நம்மூர்க்காரர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. ஆகவே நெய் கூடாது, பால்கோவா கூடாது. அதே சட்டம் மீனுக்கு ஒருவருக்கு 20 கிலோ வரை அனுமதி தருகிறது! தூத்துக்குடிக் கருவாட்டைச் சட்டப்படி கொண்டுபோகலாம். அதை எட்டுப் பேர் பகிரும் விடுதி அடுக்களையில் வறுக்கலாமா என்பது வேறு வழக்கு. நான் எடுக்கவில்லை.

மிட்டாய், பிஸ்கட், கேக் வகைகளுக்குத் தடை இல்லை, அல்வாவும் அந்தக் கணக்கில்தான் போகிறது. கடையில் பெயர், தேதி ஒட்டிய பாக்கெட்டாக வாங்கி, பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் குழகுழவென்று இருப்பதைப் பார்த்து பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தக்கூடும். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், எலுமிச்சை, நாற்று, விதை எதுவும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. ஆச்சி எவ்வளவு கெஞ்சினாலும் கறிவேப்பிலைக் கொத்தைப் பெட்டியில் சொருக விடாதீர்கள்.

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி, காய்ந்த புளி, பெருங்காயம், கல்லிடை அப்பளம் இவை போதும். அப்பளத்தைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினால் நொறுங்காது. மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, அதுவும் இன்டக்‌ஷன் அடி உள்ளதாக, எவர்சில்வரில். விடுதி அடுப்பு எந்த வகையாக இருந்தாலும் அது வேலை செய்யும். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

கோட்டு இங்கே வாங்காதீர்கள். நம்மூரில் குளிருக்கு என்று விற்பது கொடைக்கானலுக்குச் சரி. டோர்ட்முண்டில் பனியைவிட மழைதான் அதிகம், தண்ணீர் புகாத மேல்கோட்டும் ஷூவும்தான் தேவை. செகண்ட்ஹேண்ட் கடையில் நல்லதாகக் கிடைக்கும். பேராசிரியருக்கும் பக்கத்து அறைக்காரர்களுக்கும் ஏதாவது கொடுக்க நினைத்தால் பத்தமடைப் பாயில் சின்னதாக மேஜைவிரிப்பு கிடைக்கிறது. எடையே இல்லை, சுருட்டி ஓரத்தில் வைத்துவிடலாம்.

போய்ச் சேர்ந்ததும்

அறைச் சாவி கைக்கு வந்ததும் முதல் வேலை, கீழே தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுவது. அந்த நாடு இன்னும் தபாலில்தான் ஓடுகிறது. பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கிக் கார்டு, அதன் ரகசிய எண், இன்ஷூரன்ஸ் அட்டை, வரி எண் எல்லாம் தனித்தனி உறையில் வரும். ஒட்டுகிற பெயர் எது? அப்பா பெயர். மேலே சொன்னேன் அல்லவா.

இரண்டாவது, 'ஆன்மெல்டுங்' எனப்படும் முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் செய்ய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் தரும் குடியேற்றச் சான்றும் பாஸ்போர்ட்டும் வேண்டும். நேரம் முன்பதிவு செய்வதுதான் கஷ்டம், அதனால் ஊரில் இருக்கும்போதே இணையத்தில் பிடித்து வைத்துவிடுங்கள். பதிவு முடிந்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போடாதீர்கள், அது உண்மையான கட்டணம். ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், கூட்டாகத் தங்குகிறவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு அரசுவழி மருத்துவ இன்ஷூரன்ஸ் மாதம் 140 யூரோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். விசாவில் போட்டிருக்கும் கடைசித் தேதியையும் பாருங்கள். நீங்கள் திரும்பும் நாள் வரை அது ஓடினால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி அட்டைக்கு அலைய வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

பகுதிநேர வேலை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு செமஸ்டருக்குப் போகிறவர் வரி எண் வந்து, வேலை தேடிக் கிடைப்பதற்குள் டிசம்பர் ஆகிவிடும், அப்போது பரீட்சை நெருங்கும். அந்த வருமானத்தை நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

வகுப்பு

அட்டவணையில் 10 மணி என்று போட்டு பக்கத்தில் 'சி.டி.' என்றிருந்தால் வகுப்பு 10.15க்குத்தான். வருகைப் பதிவு பெரும்பாலும் கிடையாது. இன்டர்னல் மார்க்கும் கிடையாது, கடைசிப் பரீட்சை ஒன்றில்தான் எல்லாம் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து மார்க் தேற்றிய நமக்கு இது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

இதைத் தடித்த எழுத்தில் எழுதி மேஜைமேல் ஒட்டுங்கள்: பாடத்தில் சேர்ந்தால் மட்டும் பரீட்சை எழுத முடியாது, பரீட்சைக்குத் தனியாகப் பதிய வேண்டும். அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு, தாண்டினால் கெஞ்சிப் பயனில்லை. பதிந்தபின் வேண்டாம் என்று தோன்றினால் விலகவும் ஒரு தேதி உண்டு. பரிமாற்ற மாணவர்களுக்குப் பதிவு முறை சில துறைகளில் வேறு மாதிரி இருக்கும், நவம்பரிலேயே போய் நேரில் கேளுங்கள். சில பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வுதான். பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து ஒரு சமன்பாட்டைக் காட்டி, "இது ஏன் இப்படி?" என்பார். மனப்பாடம் அங்கே எடுபடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த இடத்திலிருந்து யோசித்துக் காட்டினால் மதிப்பெண் உண்டு.

பரீட்சைக்குப் படிக்கும் மாதங்கள்தான் இருட்டும் மாதங்கள். டிசம்பர் கடைசியில் டோர்ட்முண்டில் சூரியன் எட்டரைக்கு எழுந்து நாலரைக்கெல்லாம் மறைந்துவிடும். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த உடம்புக்கு இது குளிரைவிடக் கஷ்டம். மத்தியான வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடப்பதை வகுப்பு மாதிரி அட்டவணையில் போட்டு வையுங்கள். வீட்டுக்குப் போன் பேசுவதையும் மத்தியானம் ஒரு மணிக்கு வைத்துக்கொள்ளலாம், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நம் நேரம் நாலரை மணி முன்னால் இருக்கும், இங்கே அப்போது மாலை ஐந்தரை. ராத்திரி பேசினால் அம்மா தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சோறு, சொதி, ஹாம் கோயில்

டோர்ட்முண்டைச் சேர்த்த ரூர் பகுதியில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர். அவர்கள் கடையில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், சிவப்பரிசி எல்லாம் கிடைக்கும். நான் வழக்கமாகப் போகும் கடையில் இருந்த அக்கா, "என்ன பிள்ளை வேணும்?" என்று கேட்டபோது முதல் முறை எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் வாங்கும்போது 25 சென்ட் கூட வாங்குவார்கள், காலி பாட்டிலைச் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் அது திரும்ப வரும்.

சமைக்கத் தெரியாதவர்கள் ஒரே ஒரு குழம்பு கற்றுக்கொண்டு போவதானால் சொதியைக் கற்றுக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் டின்னில் கிடைக்கும். பாசிப்பருப்பை வேகவைத்து, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு போட்டு, பச்சைமிளகாய் கீறி, இஞ்சிச்சாறு விட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றி இறக்கி எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. காரம் அதிகம் இல்லாததால் வெளிநாட்டுப் பிள்ளைகளும் சட்டியை வழித்துச் சாப்பிடுவார்கள். தாளிக்கும்போது மட்டும் புகைபோக்கியைப் போட்டு, அறைக்கதவைச் சாத்துங்கள், புகை அலாரம் அலறினால் கட்டிடமே வெளியே வந்து நிற்கும். சமைத்தபின் ஜன்னலை முழுக்கத் திறந்து பத்து நிமிடம் காற்று விடுங்கள், எவ்வளவு குளிராக இருந்தாலும். சுவரில் பூஞ்சை பிடித்தால் டெபாசிட்டில் கழிப்பார்கள்.

டோர்ட்முண்டிலிருந்து ஹாம் நகரம் பிராந்திய ரயிலில் அரை மணிக்குள். மாணவர் பாஸ் இருந்தால் தனியாக டிக்கெட் வேண்டாம். அங்கே காமாட்சி அம்பாள் கோயில் 2002ல் குடமுழுக்கு ஆனது, கோபுரத்தோடு நம்மூர்க் கோயில் மாதிரியே இருக்கும். தேர்த் திருவிழா கோடையில் வருவதால் குளிர்கால செமஸ்டர்காரர்களுக்குக் கொடுப்பினை இல்லை. ஆனால் பொங்கலுக்குப் போகலாம்.

திரும்பும் முன்

கடைசிப் பரீட்சைக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது பத்து நாள் விடுங்கள். முகவரிப் பதிவை நீக்க வேண்டும், இன்ஷூரன்ஸை நிறுத்த வேண்டும், வானொலிக் கட்டணத்துக்கும் எழுத வேண்டும். மூன்றும் தானாக நிற்காது, நிறுத்தாவிட்டால் பில் வந்துகொண்டே இருக்கும்.

மதிப்பெண் பட்டியல் நீங்கள் கிளம்பும்போது தயாராக இருக்காது, திருத்தி முடிக்கவே வாரங்கள் ஆகும். அங்குள்ள சர்வதேச அலுவலகம் அதை நேரடியாக உங்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், உங்களுக்கும் ஒரு நகல். ஊர் வந்ததும் லேர்னிங் அக்ரிமென்ட்டையும் கிரேடு அட்டவணையையும் எடுத்துக்கொண்டு அதே ஆபீஸ் பெஞ்சுக்குப் போக வேண்டியதுதான். அறை டெபாசிட் நீங்கள் கிளம்பிச் சில வாரங்கள் கழித்துத்தான் வரும். அதுவரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.